உலகம்மை டீச்சர் உட்காரவில்லை

"அம்மா, என் கச்சேரியை ஒரு பொம்பளை கெடுத்துட்டா."

ஆவுடையப்பன் செருப்பைக் கழற்றும் முன்பே இதைச் சொல்லிவிட்டார். ஒரு செருப்பு கழன்றது. மற்றொன்று கோபத்தில் கழலவில்லை. அதோடேயே முற்றத்துக்கு வந்து நின்றார்.

குழல்வாய்மொழி நிமிர்ந்து பார்க்கவில்லை.

குற்றாலத்து மலையடிவாரத்தில் அவள் வீடு. வெயிலில் மூங்கில்களைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புல்லாங்குழல் ஆகாது என்று தெரிந்ததை ஒரு பக்கம் எறிந்தாள். எறிந்த குவியல்தான் பெரிதாக இருந்தது.

அவள் குரு. அவர் சீடர். ஆனால் சீடருக்கு நரைத்துவிட்டது, குருவுக்கு இன்னும் இல்லை. அதனால் அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை அம்மா என்பார். கேட்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். அவர்கள் இருவருக்கும் இல்லை.

"எந்தக் கச்சேரி, அண்ணாச்சி?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள்.

ஆவுடையப்பன் ஆரம்பித்தார். பாட்டே இல்லாத கச்சேரி. வாய்க்கு வேலை இல்லை, கருவிக்கு மட்டும்தான் வேலை. நாடு முழுக்கத் திசை திசையாகப் போய், அங்கங்கே உள்ள ஜனங்கள் அறுவடைக்கும் கல்யாணத்துக்கும் சாமிக்கும் வாசிக்கிறதைக் கேட்டு, ஒலிப்பதிவு பண்ணி, எல்லாவற்றையும் ஒரே மாலையாகக் கோத்து அவர் ஆக்கிய படைப்பு. பாலைவனத்து இரட்டைக்குழல் ஒரு பகுதி. வங்காளத்து ஒற்றைத்தந்தி ஒரு பகுதி. பஞ்சாபின் அறுவடை மேளம் ஒன்று. கடைசியில் நம்ம தெற்கு. கோயில் கொடை விழாக்களில் சாமி வருகிற நேரத்தில் அடிக்கிறார்களே, அந்த அடி. அதுதான் உச்சம். உச்சத்தோடு முடிவு. படைப்புக்குப் பெயர் திசையோசை.

திருநெல்வேலியில் குளுகுளு அரங்கம். நாற்காலியெல்லாம் மெத்தை. சபாவின் செயலாளர் மைக்கைப் பிடித்து, மண்ணின் மணத்தை மாநகர மன்றத்துக்கு மடியில் கட்டிக் கொண்டுவந்த மாமேதையே என்று மகரத்தைத் துரத்திக்கொண்டே போய், மூச்சு முட்டி, தண்ணீர் குடித்து, மீண்டும் மகரத்திலேயே தொடர்ந்தாராம்.

"எல்லாம் நல்லாத்தான் போச்சு," என்றார் ஆவுடையப்பன். "பாலைவனத்துக்குக் கைதட்டினாங்க. வங்காளத்துக்கு ஒருத்தர் அழுதாரு. பஞ்சாபுக்கு முன்வரிசை முழுக்கத் தோளைக் குலுக்கிச்சு."

"தெற்குக்கு?"

"தெற்குக்கு அவ எந்திரிச்சா."

முன்வரிசையில் பட்டுப்புடவை கட்டி, கண்ணாடி போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்த அம்மாள். தென்காசியில் மேல்நிலைப்பள்ளி டீச்சர். வேதியியல். பெயர் உலகம்மை. மேளம் உச்சத்தைத் தொட்டபோது எழுந்தாள். கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் இருந்த புருஷனிடம் கொடுத்தாள். கொண்டையை அவிழ்த்தாள். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம்.

மாடியில் அவளுடைய மாணவர்கள் இருந்தார்கள். நிகழ்ச்சியில் டீச்சருக்கும் ஒரு பங்கு இருக்கிறது, நம்மிடம் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஒலிபெருக்கிக்காரர் மைக்தான் கத்துகிறது என்று நினைத்து, இருக்கிற குமிழையெல்லாம் திருகினார். டீச்சர் குறையவில்லை.

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"நிறுத்திட்டேன். பின்னே? வயலின் வில்லைக் கீழே வச்சேன். மேளக்காரங்களைப் பார்த்துக் கையைக் காட்டினேன். திரையை இழுக்கச் சொன்னேன். ஒரு கலைஞன் செய்ய வேண்டியதைச் செஞ்சேன்."

செயலாளர் திரைக்கு முன்னால் வந்து, தவிர்க்க முடியாத காரணத்தால் தற்காலிகமாகத் தடைபட்ட தருணத்துக்கு என்று தகரத்தில் மன்னிப்புக் கேட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்.

அதுகூடப் பரவாயில்லை. அடுத்ததுதான் ஆவுடையப்பனுக்குத் தாங்கவில்லை. அந்த டீச்சர் அன்றைக்கு எழுந்தவள் எழுந்தவள்தானாம். இன்னும் உட்காரவில்லையாம். நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். நின்றுகொண்டே பாடம் எடுக்கிறாள். தூக்கம் வந்தால் சுவரில் சாய்ந்து நின்று கண்ணை மூடுகிறாள். உட்காரப் போனால் முழங்கால் தானாக நிமிர்ந்துவிடுகிறது. காலில் பிரச்சினையே இல்லை, பரிசே கொடுக்கலாம், அப்படிப்பட்ட கால் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பாதம் வீங்கிக் கிடக்கிறது. இப்படியே போனால் ஒருநாள் விழுந்துவிடுவாள் என்று அந்தப் புருஷன் தினமும் ஆவுடையப்பன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். வந்து, உட்காருங்க என்றால், அவ நிக்கிறப்ப நான் எப்படி உட்கார என்று அழுகிறார்.

"நான் என்ன நாற்காலிக் கடையா வச்சிருக்கேன்? என் கச்சேரியைக் கெடுத்தவ அவ. மன்னிப்பு கேக்க வேண்டியவ அவ. என்னை வந்து அவளை உட்கார வைக்கச் சொன்னா?"

குழல்வாய்மொழி ஒரு மூங்கிலை எறிந்தாள்.

"எந்த அடி?"

"கடைசிப் பகுதிம்மா. தெற்கு."

"திசையைக் கேக்கல. அடியைக் கேக்கேன்."

ஆவுடையப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். முற்றத்தில் ஒரு அலுமினிய அண்டா கவிழ்ந்து கிடந்தது. குத்துக்காலிட்டு அதன் முன்னால் அமர்ந்து, விரலைத் தளர்த்தி, ஆரம்பித்தார். நன்றாகத்தான் அடித்தார். அதை மறுக்க முடியாது.

குழல்வாய்மொழி எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இங்கன வேண்டாம். அடுப்புல பால் இருக்கு, பொங்கிரும்."

ஆவுடையப்பனுக்கு முகம் சிவந்தது. பாலுக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். அவள் வேறு கேட்டாள்.

"கொடையில இதுக்குப் பிறகு என்ன அடிப்பாங்க?"

"இதுக்குப் பிறகா?"

"சாமி வந்துட்டு. அதுக்குப் பிறகு."

ஆவுடையப்பன் யோசித்தார். தாடையைத் தடவினார். அதுவரை பேசியதிலேயே நிதானமாக இதைத்தான் பேசினார்.

அவர் அதற்குமேல் இருந்ததில்லை. சாமி வந்தால் கூட்டம் முண்டும், ஒலிப்பதிவில் குலவைச் சத்தம் கலந்துவிடும், வெளியே கார் காத்துக்கொண்டிருக்கும், அடுத்த ஊரில் அடுத்த கோயிலில் அடுத்த கொடை. உச்சம் கிடைத்துவிட்டது என்றால் கருவியைப் பைக்குள் போட்டுக் கிளம்பிவிடுவார். தெற்கில் மட்டுமில்லை. பஞ்சாபிலும் அப்படித்தான். நல்ல இடம் வரும்வரை இருப்பது, வந்ததும் கிளம்புவது. நேரம் மிச்சம்.

"அதோட இது ஒரே கோயில் அடி கிடையாதும்மா," என்றார். இதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை திரும்பியிருந்தது. "ஒரு இடத்துல முன்பாதி பிரமாதம். இன்னொரு இடத்துல பின்பாதி பிரமாதம். வெட்டி ஒட்டிட்டேன். ஒட்டு எங்கன்னு யாராலும் கண்டுபிடிக்க முடியாது."

"அந்த டீச்சர் கால் கண்டுபிடிச்சிருக்கு," என்றாள் குழல்வாய்மொழி.

பிறகு தன்னுடைய குழலை எடுத்தாள்.

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். கோபத்தில் இருந்தாலும் குரு வாசிக்கிறபோது மூடாமல் இருக்க முடியாது. எந்த நாட்டு மெட்டோ. ஆடு மேய்க்கிறவன் ஒருவன் மலைச்சரிவில் ஆட்டைத் தேடிக்கொண்டே ஏறுகிற மாதிரி இருந்தது. ஏறியது. கொஞ்சம் நின்றது. மேலும் ஏறியது. இதோ அந்த ஆடு. பாறைக்கு அந்தப் பக்கம் காது தெரிகிறது. இதோ, கையை நீட்டிவிட்டான்.

குழல் நின்றது.

ஆவுடையப்பன் காத்திருந்தார். கண்ணைத் திறந்தபோது முற்றத்தில் யாரும் இல்லை. உள்ளே பால் பாத்திரத்தை இறக்குகிற சத்தம் கேட்டது.

அவர் எழுந்தார். முற்றத்தின் அந்தக் கோடிக்கு நடந்தார். இந்தக் கோடிக்கு வந்தார். ஒரு செருப்பு போட்ட காலும் போடாத காலுமாக நடப்பது ஒரு தினுசான தாளமாக இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"முடிக்கலியேம்மா."

"நல்ல பாகம் முடிஞ்சுட்டே, அண்ணாச்சி."

"அதெப்படி? ஆடு கிடைச்சுதா இல்லையா?"

"ஆடா?"

அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இது அநியாயம் என்றார். ஒரு மனிதனைப் பாதி மலையில் நிறுத்திவிட்டுக் காப்பி போடப் போவது எந்த ஊர் நியாயம் என்றார். நாலு பேர் கேட்டால் சிரிப்பார்கள் என்றார்.

"உட்காருங்களேன்," என்றாள் அவள், டம்ளரை நீட்டி.

"எப்படிம்மா உட்கார முடியும்?"

இதைத் தானே தன் வாயால் சொல்லிவிட்டு, காப்பியை வாங்கி, நின்றபடியே குடித்துக்கொண்டு, அந்த டீச்சரைப் பற்றி மறுபடியும் திட்ட ஆரம்பித்தார். ஒன்றும் உறைக்கவில்லை.

குழல்வாய்மொழி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை. முதல் தடவையாக அவள் குரலும் சூடாகியது.

"ஒருத்தியை வான்னு கூப்பிட்டீங்க. அவ வந்தா. வந்தவ முகத்துல திரையை இழுத்து மூடிட்டு, கெடுத்துட்டா கெடுத்துட்டான்னு இங்க வந்து நிக்கீங்க. போய் அவளை உட்கார வச்சுட்டு வாங்க. அதுக்குப் பிறகு மிச்சத்தை வாசிக்கேன்."

"நீங்களும் வாங்கம்மா."

"நான் ஏன்? கூப்பிட்டது நானா?"

ஆவுடையப்பன் போனார். டீச்சருக்காகப் போனார் என்று சொன்னால் அது பொய். பாறைக்கு அந்தப் பக்கம் இன்னும் அந்தக் காது தெரிந்துகொண்டே இருந்தது. அதற்காகப் போனார்.

பேருந்துக்குக் காத்திருக்கிற நேரத்தில் தெரிந்த மேளக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். சாமியை அனுப்பி வைக்கிற அடி எது?

முதல் ஆள் ஒரு ஊர்வலத்தின் நடுவில் இருந்தார். அடியைப் படிப்படியாக் குறைக்கணும் சார், குழந்தையைத் தொட்டில்ல போடுற மாதிரி, என்று கத்தினார். தொட்டில் என்பதை அத்தனை சத்தமாகச் சொல்ல அவரால்தான் முடியும்.

இரண்டாவது ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு, குறைக்கச் சொன்ன அந்த அறிவாளி யார் என்று கேட்டார். இரட்டிப்பாக்க வேண்டும், இரட்டிப்பாக்கிப் பட்டென்று வெட்ட வேண்டும், அவனெல்லாம் மேளத்தைச் சுமக்கத்தான் லாயக்கு என்றார்.

மூன்றாவது ஆளுக்கு முதல் இருவர் பெயரையும் கேட்டவுடனேயே மூச்சு வாங்கியது. இரண்டு பேருக்கும் தோல் கட்டக்கூடத் தெரியாது, தவிலை நிறுத்திவிட்டு நாயனத்தை மட்டும் விட வேண்டும், இது சின்னப் பிள்ளைக்குத் தெரியும் என்றார்.

ஆவுடையப்பன் மூன்றையும் பேருந்தில் தன் தொடையிலேயே பழகிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.

தென்காசியில் உலகம்மை டீச்சர் வீட்டுக் கதவைத் திறந்தவர் புருஷன் கோமதிநாயகம். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. நாற்காலிகள். பிளாஸ்டிக் நாற்காலி, பிரம்பு நாற்காலி, பக்கத்து வீட்டு சோபா, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை உட்கார்கிற சிங்காசனம், முடிதிருத்தும் கடையிலிருந்து கெஞ்சி வாங்கி வந்த, ஏற்றி இறக்குகிற சுழல் நாற்காலி. எல்லாவற்றிலும் முயன்று பார்த்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் அப்பால், குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் விடைத்தாள்களை அடுக்கி வைத்து, நின்றபடியே திருத்திக்கொண்டிருந்தாள் உலகம்மை டீச்சர். சிவப்புப் பேனா. கண்ணாடி. கண்ணுக்குக் கீழே கருமை. பாதம் இரண்டும் செருப்பில் நுழையாத அளவுக்கு வீங்கி, வெறுந்தரையில் இருந்தன.

தாமதமாக வந்த மாணவனைப் பார்க்கிற பார்வை பார்த்தாள்.

"நீங்கதானா?"

அதற்குமேல் ஆவுடையப்பனைப் பேச விடவில்லை. பேயும் கிடையாது பிசாசும் கிடையாது, எல்லாம் மூலக்கூறு என்று இத்தனை வருஷம் வகுப்பில் சொன்னவள் அவள். அம்மன் ஊர்வலம் போனால் ஜன்னலைச் சாத்திவிட்டு தனிம அட்டவணை நடத்துகிறவள். இப்போது வகுப்புக்குள் நுழைந்தால் மேசையில் எலுமிச்சம்பழம் இருக்கிறது. நேற்று ஒரு பையன் எழுந்து, தாயே, எனக்கு இயற்பியலில் பாஸ் போடுங்க என்றான். இயற்பியலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க, என்று அவள் கேட்டபோது பேனா முனை தாளைக் கிழித்தது.

"என் ஆயுசுல ஒரு பொய் சொன்னதில்ல. நடிச்சதில்ல. கூட்டத்துக்கு முன்னால கூந்தலை அவிழ்த்ததில்ல. என்னை என்ன பண்ணினீங்க?"

உள்ளே இருந்து மாமியார் வந்தாள். அவளுக்கு வேறு கோபம். செவ்வாய் வெள்ளி தவறாமல் விரதம் இருந்தவள் தான், தீச்சட்டி எடுத்தவள் தான், அப்போதெல்லாம் திரும்பிப் பார்க்காத சாமி, கோயில் வாசல் மிதிக்காத இவள் மேல் வந்து இறங்குகிறதா, என்ன கண்ணு அதுக்கு, என்று சாமியையும் மருமகளையும் ஆவுடையப்பனையும் சேர்த்து ஒரே மூச்சில் திட்டினாள். திட்டிக்கொண்டே மருமகளின் பாதத்தடியில் ஒரு ஈரத்துணியை விரித்துவிட்டுப் போனாள்.

ஆவுடையப்பன் பையைத் திறந்து ஒரு உடுக்கையை எடுத்தார்.

முதலில் தொட்டில் அடி. குறைத்து, குறைத்து, குறைத்து. டீச்சரின் முழங்கால் லேசாக மடங்கியது. கோமதிநாயகம் பிரம்பு நாற்காலியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். முழங்கால் நிமிர்ந்துகொண்டது.

அடுத்து வெட்டு அடி. இரட்டிப்பு, பட். கோமதிநாயகம் சிங்காசனத்தை இழுத்துக்கொண்டு வந்தார். முழங்கால் அசையவே இல்லை.

மூன்றாவதுக்கு நாயனம் இல்லை. ஆவுடையப்பன் வயலினில் நாயனம் மாதிரி வாசித்தார். முழங்கால் பாதிவரை மடங்கியது. சோபாவைத் தொட மிச்சமிருந்த இடைவெளியில் ஒரு புத்தகத்தை நுழைக்கலாம், அவ்வளவுதான். எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். டீச்சரின் நெற்றியில் வியர்வை வழிந்தது. அந்த நிலையில் கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்துக் கோமதிநாயகம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆவுடையப்பன் கொல்லைப்புறம் போய்க் குருவுக்குப் போன் போட்டார்.

"மூணு விதமாவும் வாசிச்சுட்டேன். ஒண்ணும் பலிக்கல."

"யாரைப் பார்த்து வாசிச்சீங்க?"

"என் கையைப் பார்த்து."

"அவகிட்ட ஏதாவது கேட்டீங்களா?"

"என்ன கேக்கணும்? வாசிக்கத்தானே வந்தேன்."

"வாசல்ல ஒருத்தி வந்து நின்னா, உங்க வீட்டுல முதல்ல என்னத்த கேப்பீங்க?"

போனை வைத்துவிட்டாள். முடிக்காமல் விடுவதே வேலையாகப் போய்விட்டது இந்த அம்மாளுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே ஆவுடையப்பன் உள்ளே வந்தார்.

டீச்சர் மறுபடியும் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரு காலில் இருந்த பாரத்தை மறு காலுக்கு மாற்றினாள். பிறகு இந்தக் காலுக்கு. மாற்றும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வந்ததிலிருந்து அவர் அதைக் கவனிக்கவில்லை. இப்போது கவனித்தார்.

உடுக்கையைத் தரையில் வைத்தார். வயலினையும் வைத்தார். நாற்காலிகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து அவள் முன்னால் போய் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டார்.

கொடைகளில் இந்தக் கேள்வியை யாராவது ஒருவர் கேட்பார்கள். அவர் கிளம்பிப் போன பிறகு கேட்பார்கள். அதனால் அது அவர் காதில் விழுந்ததில்லை. தானாகத்தான் வந்தது.

"வந்திருக்கது யாரு?"

சிவப்புப் பேனா நின்றது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி விடைத்தாள் மேல் வைத்தாள். அவரைப் பார்த்தாள். கத்தவில்லை. ஆடவில்லை. அதுவரை வாங்க போங்க என்று பேசியவள் இப்போது அப்படிப் பேசவில்லை.

"நீ யாரைக் கூப்பிட்டே?"

மாமியார் அடுக்களை வாசலில் கையெடுத்துக் கும்பிட்டாள். கோமதிநாயகம் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

ஆவுடையப்பனிடம் இதற்குப் பதில் தயாராக இருந்தது. மேடையில் ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் சொல்கிற பதில். தென்திசையின் ஆதி அதிர்வை, என்று ஆரம்பித்தார். அவள் காத்திருந்தாள். நம் மண்ணின் ஆன்மாவை, என்றார். அவள் காத்திருந்தாள். பதில் தெரியாத மாணவன் ஊர்க்கதை சொல்லும்போது காத்திருக்கிற மாதிரி, வேறெங்கும் போக வேண்டிய அவசரமே இல்லாமல் காத்திருந்தாள்.

ரசிகர்களை, என்றார். அதுவும் இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

முன்பாதியை எடுத்தது பனங்காட்டுக்குள் ஒரு கோயிலில். பின்பாதியை எடுத்தது குளத்தங்கரையில் ஒரு கோயிலில். இரண்டிலும் மேளம் எங்கே நின்றது, எந்தக் கையால் ஆரம்பித்தார்கள், தோல் எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம் அவருக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது ஞாபகம் இருந்தது. விளக்குக்குப் பின்னால் இருந்த சாமி அவளா, அவனா என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. ஜனங்கள் ஒரு பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். அதை ஒலிப்பதிவில் இருந்து வெட்டி எடுத்துவிட்டார். வாசிப்பு சுத்தமாக வர வேண்டுமே.

அந்தப் பெயர் என்ன?

தேடினார். எங்கும் இல்லை.

அன்றைக்கு முதல் தடவையாக அவர் குரல் தாழ்ந்தது.

"தெரியாது, தாயே."

டீச்சரின் முழங்கால் மடங்கியது. பக்கத்தில் கிடந்தது வெறும் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்தாள். முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலி ஒரு சத்தம் போட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, கையை மேலே நீட்டித் தடவி, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா," என்றாள் டீச்சர்.